போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலமும் கணினித் திரைகளும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலம், 2007ஆம் ஆண்டில் வாய்மொழி முறையிலிருந்து மின்னணு முறைக்கு மாறியது. அதுவரை ஏலதாரரின் குரலைக் கேட்டு விலை சொல்லிவந்த வணிகர்கள், அதன் பின் ஆளுக்கொரு கணினித் திரையின் முன் அமர்ந்து விலை கேட்கத் தொடங்கினர். ஒரு கணினியுடன் ஒரு திரை என்பதில் தொடங்கிய இணைப்பு முறை, ஒரு மலைப்பயிரின் சந்தையை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

தமிழில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று ஏலக்காய். மற்றொன்று, பலர் போட்டியிட்டு விலை கேட்கும் விற்பனை முறை. இரண்டாம் பொருளில் வரும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது. வேர்கள் வேறாக இருந்தாலும், போடிநாயக்கனூரில் இரண்டு ஏலங்களும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. இங்கிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி வழியாகவும் ஏலமலைக்குச் சாலைகள் செல்கின்றன. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் பாதை அமைந்தபின், மலையில் விளைந்த சரக்கு வெளியூர் செல்வது எளிதாயிற்று.

1956இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்க்கப்பட்டன. இதனால் ஏலக்காய் விளையும் மலையின் பெரும்பகுதி கேரளத்திலும், அதை வாங்கி விற்கும் ஊர்களில் முக்கியமானதான போடி தமிழ்நாட்டிலும் அமைந்தன. போடி, கம்பம், தேவாரம் பகுதிகளில் வீடும், மலைமேல் தோட்டமும் உடைய குடும்பங்கள் இன்றும் பல உள்ளன.

இந்திய அரசு 1965இல் ஏலக்காய்ச் சட்டத்தை இயற்றியது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நறுமணப் பொருட்கள் வாரியம் உருவாக்கப்பட்டு, 1987இல் செயல்படத் தொடங்கியது. ஏலதாரருக்கும் வணிகருக்கும் உரிமம் வழங்கும் பொறுப்பு இவ்வாரியத்தைச் சேர்ந்தது.

வாய்மொழி ஏலம்

பழைய முறையில் விவசாயி தம் சரக்கை உரிமம் பெற்ற ஏலதாரரிடம் ஒப்படைப்பார். ஒவ்வொருவர் சரக்கும் தனித்தனி எண்ணிட்ட குவியலாகப் பிரிக்கப்பட்டு, மாதிரிகள் வணிகர்களுக்குத் தரப்படும். காயின் நிறம், பருமன், காய்ச்சல், மணம் ஆகியவற்றைப் பார்த்து வணிகர் மனத்தில் ஒரு விலையைக் குறித்துக்கொள்வார். ஏலதாரர் விலையை உரக்கச் சொல்ல, வணிகர்கள் ஏற்றிக் கேட்பார்கள்.

இம்முறையில் யார் எவ்வளவு கேட்கிறார் என்பது கூடத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வெளிப்படையான இந்த முறைக்கு ஒரு குறையும் இருந்தது. நாள்தோறும் சந்தித்துப் பழகிய சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே விலை கேட்கும்போது, போட்டியைத் தளர்த்திக்கொள்ள இடமுண்டு. எந்த வாய்மொழி ஏலத்துக்கும் உள்ள ஆபத்து இது. மேலும், கேட்பவரின் குரல் ஏலதாரரின் காதில் விழுந்ததா என்பதையும் பொறுத்தே விற்பனை அமைந்தது.

திரையும் கணினியும்: இணைப்பின் வளர்ச்சி

தொடக்கக் கால வணிகக் கணினிகளில் பல திரைகள் ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்துகொண்டன. 1971இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 வகை முனையங்கள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒவ்வொரு மேசையிலும் திரையும் விசைப்பலகையும் மட்டும் இருக்கும். கணிப்பு வேலை வேறோர் அறையில் நடக்கும்.

1981இல் ஐபிஎம் தனிநபர் கணினி வந்தபின் ஒரு கணினிக்கு ஒரு திரை என்பது வழக்கமாயிற்று. 1987இல் அறிமுகமான 15 ஊசி விஜிஏ இணைப்பான், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய அலுவலகங்களில் நிலைத்திருந்தது. 1999இல் டிவிஐ, அடுத்த சில ஆண்டுகளில் எச்டிஎம்ஐ, 2006இல் டிஸ்பிளேபோர்ட் ஆகியவை வந்தன. விஜிஏ படத்தை மின்னழுத்த ஏற்ற இறக்கமாக அனுப்பும் முறை. கம்பி நீண்டால் எழுத்துகள் மங்கும், நிழல் விழும். பின்வந்தவை படத்தை எண்ணிம வடிவில் அனுப்புகின்றன.

திரையையும் கணினியையும் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இணைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பிரிப்பான். ஒரு கணினியின் படத்தை இது பல திரைகளுக்கு நகலெடுத்து அனுப்பும். எல்லாத் திரைகளிலும் ஒரே படம் தெரியும்.

இரண்டாவது, கேவிஎம் மாற்றி. ஒரே திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைக் கொண்டு பல கணினிகளை மாறி மாறி இயக்க இது உதவும்.

மூன்றாவது, வலையமைப்பு. ஒவ்வொரு திரையும் தனக்குரிய கணினியுடனோ முனையத்துடனோ இணைந்திருக்கும். அவை அனைத்தும் ஒரு வழங்கியுடன் பேசும்.

ஏலத்துக்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது. பிரிப்பானால் இணைத்த திரை வெறும் அறிவிப்புப் பலகை. அதைப் பார்க்கலாம், அதற்குப் பதில் சொல்ல முடியாது. வலையமைப்பில் இணைந்த திரையின் முன் இருப்பவர் விலை கேட்கலாம். அவர் கேட்ட விலை உடனே மற்ற எல்லாத் திரைகளிலும் மாறும்.

மின்னணு ஏலத்தின் வருகை

போடிக்கு முன்பே இந்தியச் சந்தைகளில் இம்மாற்றம் தொடங்கியிருந்தது. தேசியப் பங்குச் சந்தை 1994இல் திரைவழி வணிகத்துடன் செயல்படத் தொடங்கியது. கூவி விற்கும் முறையைப் பின்பற்றிவந்த மும்பை பங்குச் சந்தை 1995இல் கணினிக்கு மாறியது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் மலர்ச் சந்தையில் வணிகர்கள் பெரிய விலைக் கடிகாரத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி வாங்குவது நெடுநாள் வழக்கம். அங்கு விலை மேலிருந்து இறங்கும், முதலில் அழுத்துபவருக்கே சரக்கு. ஏலக்காய்க்கு விலை கீழிருந்து ஏறும்.

2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலத்தை அறிமுகப்படுத்தியது. பின்னர் கேரளப் பகுதி ஏலம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் உள்ள நறுமணப் பொருள் பூங்காவில் நடைபெறலாயிற்று.

இத்தகைய கூடத்தில் இருவகைத் திரைகள் உள்ளன. எல்லோரும் பார்க்கும் பெரிய திரையில் குவியல் எண், எடை, அப்போதைய விலை ஆகியவை ஓடும். அது அறிவிப்புக்கானது. வணிகர் முன் உள்ள சிறிய திரை விலை கேட்பதற்கானது. இருவர் ஏறக்குறைய ஒரே நொடியில் விலை கேட்டால், யாருடையது முதலில் வந்தது என்பதை வழங்கியே முடிவு செய்கிறது.

விவசாயிக்கு இதனால் கிடைத்த முதல் நன்மை பதிவு. எந்தக் குவியல், என்ன எடை, என்ன விலை, யார் வாங்கினார் என்ற விவரம் விற்பனை முடிந்த கணமே பதிவாகிவிடுகிறது. நாள்தோறும் வெளியாகும் உச்ச விலையையும் சராசரி விலையையும், ஏலத்துக்கு வராத சிறு விவசாயியும் தெரிந்துகொண்டு உள்ளூர் வணிகரிடம் பேரம் பேச முடிகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டபோது, அச்செய்தி அன்றே மலை முழுவதும் பரவியது.

கூடத்துக்கு வெளியே

திரைகள் ஒரு கூடத்துக்குள் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தவரை, வாங்குபவரும் அங்கே வந்தாக வேண்டியிருந்தது. போடியில் ஒருநாள், புற்றடியில் மறுநாள் என வணிகர்கள் மலை ஏறி இறங்கினர். 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் ஏலம் நின்றபோது இதன் பலவீனம் வெளிப்பட்டது. மாநில எல்லையில் கட்டுப்பாடு வந்தால், ஒரே மலையின் இருபுறமும் உள்ளவர்கள் சந்திக்க முடியாது. ஆள் சேர முடியாத கூடத்தில் கணினி இருந்தும் பயனில்லை.

2021இல் வாரியம் மேகக் கணிமை வழி நேரடி ஏலத்தைத் தொடங்கியது. போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் பங்கேற்க இதனால் வழி பிறந்தது. மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி, இரு கூடங்களின் திரைகளும் ஒரே விலையைக் காட்டத் தொடங்கின.

திரை காட்டாதவை

திரை விலையைக் காட்டும், சரக்கைக் காட்டாது. இன்றும் வணிகர் ஏலக்காய் மாதிரியைக் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்த பின்னரே விலை கேட்கிறார். மாதிரியும் சரக்கும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதைக் கணினி அறியாது. அது ஏலதாரரின் நேர்மையையும் வாரியத்தின் கண்காணிப்பையும் பொறுத்தது. கூடத்துக்கு வெளியே பேசி வைத்துக்கொண்டு விலையைக் கட்டுப்படுத்த நினைப்பவர்களைத் தடுக்கவும் திரை மட்டும் போதாது. கேட்பவர் எண்ணிக்கை கூடினால்தான் போட்டி கூடும். இரு ஊர்த் திரைகளை ஒரே ஏலத்தில் இணைத்ததன் உண்மையான பயன் அதுவே.