டால்ஃபினுக்கு லீஷ் மாட்ட முடியுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க வீட்டு மணி. நாட்டு நாய். வாக்கிங் போனா பூனை, குப்பைத்தொட்டி, பரோட்டாக் கடைன்னு எல்லாத்தையும் பார்ப்பான். என்னை மட்டும் பார்க்க மாட்டான். "லீஷை வெடுக்குன்னு ஒரு இழு இழுங்க, தானா பார்ப்பான்"னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். இழுத்தேன். பார்த்தான். ஆனா காதை மடக்கி, உடம்பைக் குறுக்கிக்கிட்டுப் பார்த்தான். எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. இந்த 'வெடுக்' எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன்.

1910ல் கோன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர், போலீஸ் நாய்களைப் பழக்கிய அனுபவத்தை வைத்து ஒரு கையேடு எழுதினார். நாய்க்கு மனிதர்களின் நியாய தர்மம் தெரியாது. ஒன்றைச் செய்ததும் உடனே என்ன நடக்கிறது என்பதில் இருந்துதான் அது கற்றுக்கொள்கிறது என்று அதில் விளக்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய புரிதல். ஆனா பாராட்டோடு முள் கழுத்துப்பட்டையும் பிரம்பும் அவர் முறையில் இருந்தன.

அடுத்து அமெரிக்காவின் வில்லியம் கோலர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ நாய்களுக்கும், பிறகு டிஸ்னி படங்களில் நடித்த நாய்களுக்கும் பயிற்சி கொடுத்தவர். அவருடைய புத்தகம் 1962ல் வந்தது. முதல் பாடமே கவனம்தான். 15 அடி நீளக் கயிறு. நாய் வேறெதையோ வேடிக்கை பார்த்தால், ஒரு வார்த்தை பேசாமல் எதிர்த் திசையில் விறுவிறுன்னு நடக்கணும். கயிறு இழுபட்டுக் கழுத்தில் சுளீர்னு அடி விழும். 'இந்த ஆளைக் கவனிக்கலைன்னா ஆபத்து'ன்னு நாய் கத்துக்கும். பலன் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனா அந்தப் பார்வைக்குள்ளே பயம் இருக்கே!

மாற்று வழி கடல் பக்கமிருந்து வந்தது. கேரன் பிரையர் 1963ல் ஹவாயில், சீ லைஃப் பார்க்கில் டால்ஃபின்களைப் பழக்க ஆரம்பித்தார். டால்ஃபினுக்கு லீஷ் மாட்ட முடியுமா? அதட்டினால் தண்ணிக்குள்ளே போயிடும், அவ்வளவுதான். அதனால் சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், பின்னாடியே ஒரு மீன். 1984ல் இதை அவர் புத்தகமாக எழுதினார். உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான பிரேலண்ட் தம்பதி, 1940களிலேயே இதே வழியில் விலங்குகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனா நாய் வளர்ப்பவர்களிடம் 'கிளிக்கர்' பரவலாகப் போய்ச் சேர்ந்தது 1990களில்தான். இவ்வளவு காலம் ஏன் ஆச்சு? நாய் கயிற்றின் மறுமுனையில் இருந்ததே, அதனாலதான்னு எனக்குத் தோணுது. இழுக்க முடிகிற வரைக்கும் யாரும் யோசிக்கத் தேவையில்லை.

அப்புறம் 2003ல், புடாபெஸ்டில் ஆடம் மிக்லோஷி குழு ஒரு சோதனை செய்தது. மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களும் நாய்களும் இறைச்சியை எடுக்கப் பழகின. பிறகு அதை எடுக்கவே முடியாதபடி அடைத்துவிட்டார்கள். ஓநாய்கள் பெரும்பாலும் தாங்களாகவே முட்டி மோதின. நாய்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன.

இதைப் படிச்சதும் அந்த இழுப்பு ஞாபகம் வந்து உறுத்தியது. நம்மைப் பார்ப்பது நாய்க்கு ஏற்கெனவே வரும். நான் கயிற்றை இழுத்து வாங்கப் பார்த்தது அதைத்தான்.

இப்போ என்ன செய்றேன்? பூனை இல்லாத மொட்டை மாடியில் சும்மா நிற்கிறேன். மணி அவனா என்னைப் பார்க்கிற நொடியில் "சபாஷ்" சொல்லி, ஒரு துண்டு பிஸ்கெட். கொஞ்ச நாள் கழிச்சுப் பேரைக் கூப்பிட்டு அதே விளையாட்டு. அப்புறம் வாசல், அப்புறம் தெரு. பரோட்டாக் கடையிடம் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனா இப்பல்லாம் பார்க்கும்போது காதை மடக்குறதில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.