தினேஷ் கார்த்திக்: மைக் பிடித்த பிறகும் மட்டை பிடித்தவர்

சுங்கை பாக்காப்பில் இரவு 10 மணிக்கு ஐபிஎல் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் தினேஷ் கார்த்திக்கைத் தெரிந்திருக்கும்.

சென்னையில் பிறந்த இந்த விக்கெட் கீப்பர், 2004 செப்டம்பரில் இந்திய அணிக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தோனி வந்தார். அணியில் கீப்பருக்கு ஒரே இடம்தானே! கார்த்திக்குக்கு வாய்ப்பு வருவதும் போவதுமாகவே இருந்தது.

2018 நிதாஹாஸ் கோப்பை இறுதியாட்டத்தில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார்.

2021இல் அணியில் இடமில்லை. சவுத்தாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் வர்ணனையாளரானார். ஆனால் ஓய்வை அறிவிக்கவில்லை. மறுவருடம், 37 வயதில், டி20 உலகக் கோப்பையில் ஆடினார்! 2024இல்தான் ஓய்வு.

வர்ணனை அவருக்குக் கடைசிப் புகலிடம் அல்ல. காத்திருந்த காலத்தில் கற்ற இன்னொரு தொழில்.