டிரான்ஸ்மிக்ராசி குடியேற்றங்கள் (இந்தோனேசியா)

டிரான்ஸ்மிக்ராசி: மக்கள் நெருக்கம் மிகுந்த ஜாவா, மதுரா, பாலி, லொம்போக் தீவுகளின் ஏழை உழவர்களைச் சுமாத்திரா, களிமந்தான், சுலாவெசி, பப்புவா ஆகிய இடங்களுக்குக் கூட்டிச் சென்று, காணி கொடுத்துக் குடியமர்த்திய இந்தோனேசிய அரசுத் திட்டம். திட்டத்தில் எழுந்த ஊர்களும் அதே பெயரால் அழைக்கப்படுகின்றன. டச்சுக்காரர்கள் தொடங்கியதைச் சுதந்திர இந்தோனேசியா பன்மடங்கு பெரிதாக்கியது. அந்நாட்டின் நாட்டுப்புறத்தில் குடியேறி, முதல் போட்டு, பயிர் செய்து பிழைப்பது எப்படி என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலான அனுபவம் இந்த ஊர்களில் இருக்கிறது.

இதன் தொடக்கம் ஒரு குற்றவுணர்வில். ஜாவாவின் உழைப்பிலிருந்து நெதர்லாந்து அள்ளிச் சென்ற செல்வம் திருப்பித் தர வேண்டிய மானக்கடன் என்று 1899இல் வழக்கறிஞர் வான் தெவெந்தர் எழுதினார். 1901 முதல் டச்சு அரசு கடைப்பிடித்த ‘அறநெறிக் கொள்கை’ நீர்ப்பாசனம், கல்வி, குடியேற்றம் மூன்றையும் கையில் எடுத்தது. 1905இல் மத்திய ஜாவாவின் கெடூ பகுதியிலிருந்து 155 குடும்பங்கள், ஹேய்திங் என்ற அதிகாரியின் ஏற்பாட்டில், சுமாத்திராவின் தென்கோடியான லாம்புங்கில் கெடோங் தாதாஆன் என்ற இடத்தில் இறக்கப்பட்டன. வந்தவர்கள் தங்கள் முதல் ஊருக்குத் தாங்கள் விட்டுவந்த பகெலென் என்ற பெயரையே வைத்தார்கள். இன்று லாம்புங் வரைபடத்தைப் பார்த்தால் பூர்வொரெஜோ, வொனொசோபோ, சுகொஹார்ஜோ என்று ஜாவாவின் பெயர்களே வரிசையாகக் கண்ணில் படும். ஊரை விட்டவர்கள் ஊர்ப்பெயரை விடவில்லை.

முதலீடு என்ற கோணத்தில் பார்த்தால் ஆரம்ப ஆண்டுகளில் மிகத் தெளிவான பாடம் கடன் கொடுத்ததில் கிடைத்தது. தொடக்கத்தில் வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் அரசே தந்தது. அது கட்டுப்படியாகாமல் போகவே, 1911இல் லாம்புங்கில் மக்கள் வங்கி ஒன்று அமைத்துக் குடியேறிகளுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டை வெட்டி, வரப்புப் போட்டு, வாய்க்கால் வந்து முதல் போகம் கைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், தவணையோ காத்திருக்காது. கடன்கள் திரும்பவில்லை, 1920களின் இறுதியில் வங்கி நொடித்துப்போனது.

அரசு காகிதத்தில் தேடிய வழியை உழவர்களின் பழைய வழக்கமே 1930களில் காட்டிக்கொடுத்தது. ஜாவாவில் அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்கு நெல்லிலேயே பங்கு அளப்பார்கள். அதற்குப் பெயர் பாவோன். புதிய குடியேறிகளை அறுவடைக்குச் சற்று முன்பாகக் கொண்டுவந்து இறக்கினால், முன்பே வந்து காலூன்றியவர்களின் வயலில் அறுத்து, பாவோன் நெல்லை வீட்டில் சேர்த்து, அதைச் சாப்பிட்டுக்கொண்டே தங்கள் நிலத்தைத் திருத்தலாம். பழையவருக்கு ஆள் கிடைத்தது, புதியவருக்குச் சோறு கிடைத்தது, அரசுக்குச் செலவு குறைந்தது. கூடவே வே செகம்பூங் ஆற்று நீர் வாய்க்கால் வழியே வந்தது. மெத்ரோ என்ற குடியேற்றம் அந்தத் தண்ணீரில் வளர்ந்து இன்று நகரமாக நிற்கிறது. இத்திட்டத்தின் வரலாற்றில் எந்த அமைச்சர் போட்ட திட்டத்தையும்விட அந்த வாய்க்காலையும் பாவோன் நெல்லையும்தான் பெரிதாக மதிக்கத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1950 டிசம்பர் 12 அன்று புதிய குடியரசின் முதல் குடியேறிகள் சுமாத்திராவுக்குப் புறப்பட்டார்கள். மொத்தம் 25 குடும்பங்கள். அந்த நாள் இன்றும் டிரான்ஸ்மிக்ராசி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1963இல் பாலியில் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், வயலைச் சாம்பலுக்குக் கொடுத்த பாலிக் குடும்பங்கள் லாம்புங்குக்கும் சுலாவெசிக்கும் போயின. இடம் மாறிய பின்னும் வீட்டுக்கு வீடு குலக்கோயில் எழுப்பினார்கள்.

அதிபர் சுகார்த்தோ ஆட்சியில் திட்டம் ராட்சத அளவை எட்டியது. உலக வங்கி 1976 முதல் கடன் கொடுத்தது. 1979–84 ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கு 5 லட்சம் குடும்பங்கள். மத்திய ஜாவாவின் வொனொகிரியில் கஜா முங்கூர் அணை எழுந்தபோது, நீரில் மூழ்கவிருந்த ஊர்களின் மக்கள் 1976இல் மேற்குச் சுமாத்திராவின் சித்தியூங்குக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இப்படி ஊரோடு போவதற்கு ‘பெடோல் டெசா’ என்று பெயர். பெடோல் என்றால் வேரோடு பிடுங்குவது.

அக்காலக் குடியேறி ஒருவருக்குக் கிடைத்ததை அருகில் போய்ப் பார்ப்போம். மொத்தம் 2 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அதில் கால் ஹெக்டேர், அதாவது சுமார் 62 சென்ட், வீட்டு மனை. மனை நடுவே பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட, ஏறத்தாழ 36 சதுர மீட்டர் வீடு. அருகில் முக்கால் ஹெக்டேர் அளவில் முதல் பயிர்நிலம். இன்னொரு ஹெக்டேர் தள்ளி, பெரும்பாலும் காடாகவே கிடக்கும். மண்வெட்டி, அரிவாள், விதை, உரம். ஓராண்டுக்கு அரிசி, கருவாடு, உப்பு, எண்ணெய் என்று மாதப்படி. படி நிற்கும் நாளுக்குள் நிலம் சோறு போட்டாக வேண்டும். ஆனால் அது ஜாவாவின் எரிமலை மண் அல்ல. சத்து ஒழுகிப்போன, புளித்த செம்மண். இரண்டு மூன்று போகத்தில் களைத்துவிடும், அலாங்-அலாங் என்னும் தர்ப்பை ஏறிவிடும். நெல் தோற்ற இடத்தில் மரவள்ளி காப்பாற்றியது. நஞ்சை உழவனாக வந்தவன் புஞ்சையைப் புதிதாகக் கற்றான். பன்றி, மலேரியா, யானை மூன்றோடும் மல்லுக்கட்டினான். தெற்குச் சுமாத்திராவின் ஆயிர் சுகிஹான் யானைக் காட்டிலேயே ஊர் அமைத்துவிட்டு, 1982இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை ராணுவத்தை வைத்துக் கால்நடையாக விரட்டிக்கொண்டுபோக நேர்ந்தது.

இதைவிடப் பெரிய தவறு மத்திய களிமந்தானில் நடந்தது. 1995இல் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்க சுகார்த்தோ ஆணையிட்டார். மட்கிய தாவரங்கள் படிந்த கரிச்சதுப்பின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது; காய்ந்த சதுப்பு 1997 வறட்சியில் மாதக்கணக்கில் எரிந்தது. லாமுந்தி, தாதாஹுப் பகுதிகளில் குடியேறிய சுமார் 15,000 குடும்பங்களில் பலர் வெளியேறினார்கள். அடுத்து வந்த ஹபிபியின் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இயற்கையைக் கேட்காமல் போட்ட முதலை அந்த ஏழைகள்தான் தங்கள் வாழ்நாளால் கட்டி முடித்தார்கள்; அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர் எதிராக, பல ஊர்களைப் பணக்கார ஊர்களாக்கியது எண்ணெய்ப்பனை. 1986இல் வந்த ஏற்பாட்டின்படி நடுவில் நிறுவனத்தின் தோட்டமும் ஆலையும், அதைச் சுற்றிக் குடியேறிகளுக்கு ஆளுக்கு 2 ஹெக்டேர் பனை. நிறுவனத் தோட்டத்துக்கு ‘இந்தி’, உழவர் தோட்டத்துக்கு ‘பிளாஸ்மா’ என்று பெயர். நட்ட மூன்றாம் ஆண்டில் குலை தள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுப்பு. அறுத்த குலை ஒரு நாளைக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெய் கெடும். மழையில் பாதை சேறானால் சாலையோரம் குவித்த குலை கண்முன்னே வீணாகும். குலைக்காசில் தோட்டம் அமைத்த கடனின் தவணை பிடித்துக்கொள்ளப்படும். கடன் தீர்ந்து பட்டா கைக்கு வந்தபின் வருவது சொந்த வருமானம். சுமாத்திராவின் ரியாவு, ஜாம்பி மாநிலங்களில் பலகை வீடுகள் ஓட்டுவீடுகளானது இப்படித்தான். பொறுக்க முடியாமல் முதல் ஆண்டுகளிலேயே நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. சுமார் 25 ஆண்டில் மரம் கிழடாகும். வெட்டி மறுநடவு செய்தால் மூன்றாண்டு வருமானம் இல்லை. இதற்காக 2017 முதல் அரசு மானியம் தருகிறது.

வெளியிலிருந்து பணத்தோடு வருபவருக்கு இந்த நிலம் எளிதில் திறப்பதில்லை. 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி முழு உரிமையான ‘ஹாக் மிலிக்’ இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை, வாடகை உரிமை போன்றவை மட்டும். அவருக்கு முழு உரிமையை மாற்றிக்கொடுத்தால் அந்தக் கிரயம் செல்லாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கென்று வந்தால் அவர்கள் கையில் நிற்பது ஒன்றுமில்லை. விளைநிலத்தை அதன் உடையவரே உழைத்துப் பயிரிட வேண்டும், வேறு வட்டாரத்தில் இருந்துகொண்டு வைத்திருக்கக் கூடாது என்று உள்நாட்டாருக்கும் விதி உண்டு. நடைமுறையில் ஓட்டைகள் இருந்தாலும், அங்கே இருப்பவனுக்கே நிலம் என்ற அந்த நினைப்பு நியாயமானது.

ஊருக்குள் முதல் போடும் வழிகள் வேறு. அவை தமிழ்நாட்டு உழவருக்குப் புதிதாக இருக்காது. கன்றை இன்னொருவரிடம் வாரத்துக்கு விட்டு, ஈன்றதில் பங்கு கொள்வதற்கு ‘காடுஹான்’ என்று பெயர். விளைச்சலில் பாதி பேசி நிலத்தை விடுவது ‘மாரோ’. சீட்டுப்போல மாதம் ஒருவர் எடுப்பது ‘அரிசான்’. கல்யாணத்துக்கு வைக்கும் மொய்யைக் குறித்துவைத்துத் திருப்பிச் செய்கிறார்கள்; செய்யாதவர் வீட்டு விசேஷத்துக்குக் கை குறையும். வங்கி எட்டாத காலத்தில் புதிய ஊர்களைத் தாங்கியது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

யாருடையதும் அல்ல என்று அரசு சொன்ன நிலத்துக்கு முன்பே உடையவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. லாம்புங்கில் அது மார்கா என்னும் குலக்குழுக்களின் காடு. 2010 கணக்கெடுப்பில் அம்மாநிலத்தில் ஜாவாக்காரர்கள் சுமார் 64 விழுக்காடு, லாம்புங் மக்கள் சுமார் 13 விழுக்காடு. வந்தவரைச் சடங்கு செய்து சகோதரனாக ஏற்கும் வழக்கம் லாம்புங் மக்களிடம் உண்டு. ஆனாலும் 2012இல் தெற்கு லாம்புங்கின் பாலிநுராகாவில் கலவரம் வெடித்து, பாலிக்காரர்களின் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 2024 அக்டோபரில் டிரான்ஸ்மிக்ராசிக்குத் தனி அமைச்சகம் மீண்டும் அமைந்தவுடன் பப்புவாவில் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன.

லாம்புங்கின் தொடர்கதை இன்னும் ஒன்று. ஐந்து ஏக்கர் பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்து, ஜாவாவில் விட்டுவந்த துண்டு நிலத்தின் அளவுக்கே சுருங்கியது. நிலம் தேடியவர்கள் மலைச்சரிவுக் காடுகளில் ஏறிக் காப்பி நட்டார்கள். அது பாதுகாக்கப்பட்ட காடு என்று சொல்லி, 1980களில் அவர்களை அரசு கீழே இறக்கி, மாநிலத்தின் வடக்கே மெசுஜி பக்கம் கொண்டுபோய் விட்டது. அதற்கு ‘டிரான்ஸ்லோக்’ என்று பெயர். அங்கே அவர்கள் மறுபடியும் மண்வெட்டியை எடுத்துத் தர்ப்பையை வெட்டத் தொடங்கினார்கள்.