ஆய்வக வைரம்: வெப்ப, மின் பண்புகள் அறியப்பட்ட வரலாறு

வைரம் கார்பன் அணுக்களாலான படிகம் ஆகும். வெப்பத்தை நன்கு கடத்தும் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் மின்சாரத்தையும் நன்கு கடத்தும். வைரம் இதற்கு விதிவிலக்கு. அறை வெப்பநிலையில் தூய வைரம் செம்பைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது.

காரணம்

உலோகங்களில் வெப்பம், மின்சாரம் ஆகிய இரண்டையும் பெரும்பாலும் கட்டற்ற எலக்ட்ரான்களே சுமந்து செல்கின்றன. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவின் 4 இணைதிற எலக்ட்ரான்களும் அண்டை அணுக்களுடனான பிணைப்பில் ஈடுபட்டுவிடுவதால், மின்னோட்டத்திற்கு எலக்ட்ரான்கள் மிஞ்சுவதில்லை. வெப்பமோ அணுக்களின் அதிர்வாகப் பரவுகிறது. அணுக்கள் இலேசானவை, பிணைப்புகள் உறுதியானவை என்பதால் இவ்வதிர்வு விரைந்து செல்லும். மாசு அணுக்கள் குறுக்கிட்டால் அதிர்வு சிதறும். கடத்தும் திறன் குறையும்.

இயற்கை வைரம் எழுப்பிய புதிர்

பூமிக்குள் உருவான வைரங்களில் மாசின் அளவு கல்லுக்குக் கல் மாறும். 1950களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் ஆய்வு செய்த கஸ்டர்ஸ், மின்சாரத்தை ஓரளவு கடத்தும் அரிய வகை வைரங்களை வேறுபடுத்திக் காட்டினார். நீல வைரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இதற்குக் காரணம் அலுமினிய மாசு எனச் சில ஆண்டுகள் கருதப்பட்டது. கிடைத்த கற்களை மட்டும் கொண்டு இதை முடிவு செய்வது கடினமாக இருந்தது.

ஆய்வகம் தந்த விடை

1953இல் சுவீடனின் ஆசியா நிறுவனம் வைரத்தை உருவாக்கியது. ஆனால் அப்போது அதை வெளியிடவில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் மிகு அழுத்தத்தில் வைரம் உண்டாக்கினார். 1962இல் அதே ஆய்வகத்தின் வென்டார்ஃப், போவன்கெர்க் இருவரும் போரான் சேர்த்து வளர்த்த வைரம் குறைகடத்தியாக இருந்தது. இயற்கை நீல வைரங்களிலும் போரானே காரணம் என்பது 1970களில் உறுதியானது.

வெப்பக் கடத்தலிலும் இதேபோன்ற சோதனை நடந்தது. இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 விழுக்காடு கார்பன்-13 உள்ளது. 1990இல் 99.9 விழுக்காடு கார்பன்-12 கொண்டு வளர்த்த வைரம், ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக வெப்பத்தைக் கடத்தியது. அதே தனிமத்தின் சற்றே கனத்த அணுக்கள்கூட அதிர்வைச் சிதறடிக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. 2004இல், போரான் மிகுந்த ஆய்வக வைரம் சுமார் 4 கெல்வினில் மீகடத்தியாவதும் கண்டறியப்பட்டது.

பயன்பாடு

இன்று ஆய்வக வைரத் தகடுகள் லேசர் டையோடு, உயர் அதிர்வெண் டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் அடியில் வைக்கப்படுகின்றன. அவை மின்கசிவுக்கு இடந்தராமல் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஆனால் வைரத்தையே டிரான்சிஸ்டராக்குவது எளிதன்று. போரானால் P-வகைக் குறைகடத்தி எளிதில் கிடைக்கிறது. அதற்கு இணையான N-வகையை உருவாக்குவது இன்றும் கடினமாகவே உள்ளது.