ஜான் தாம்சன்: ஒரு பயிற்சியாளரும் ஒரு தகுதி விதியும்

ஜான் தாம்சன் (1941–2020) அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக 1972 முதல் 1999 வரை பணியாற்றியவர். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்தும் முதல் பிரிவு வாகையர் போட்டியில் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் இவரே. 596 வெற்றிகள், 239 தோல்விகள் என்பது அவரது கணக்கு. விளையாட்டு ஏடுகள் பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகின்றன. சட்டம் பயின்ற ஒருவருக்கு அவரது வாழ்வில் முதன்மையாகத் தெரிவது 1989 சனவரியில் அவர் நடத்திய வெளிநடப்பும், அதற்குக் காரணமான விதியின் பிற்கால வரலாறும்தான்.

தாம்சன் வாசிங்டன் நகரில், இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்தில் பிறந்தார். தந்தை எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி. சிறுவயதில் தாம்சனுக்கும் வாசிப்பு எளிதில் கைவரவில்லை. கற்பிக்க இயலாத பிள்ளை என்று ஒரு பள்ளி அவரைக் கைகழுவியது. பின்னர் சேர்ந்த பொதுப்பள்ளியில் ஒரு கறுப்பின ஆசிரியை பொறுமையோடு அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஒரு மாணவனின் திறனை முடிவுகட்டும் விதியை அவர் எதிர்த்தபோது, அந்த எதிர்ப்புக்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

பிராவிடன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் பில் ரசலுக்கு மாற்று ஆட்டக்காரராக இரண்டு பருவங்கள் ஆடினார். அவ்விரு பருவங்களிலும் அந்த அணி பட்டம் வென்றது. ஆட்டத்தை விட்டபின் வாசிங்டனில் புனித அந்தோணி உயர்நிலைப் பள்ளியின் அணிக்குப் பயிற்சியாளரானார். ஆறு ஆண்டுகளில் 122 வெற்றி, 28 தோல்வி. 1972இல் ஜார்ஜ்டவுன் அவரை அழைத்தது.

அழைத்த நிறுவனம் எது என்பதையும் பார்க்க வேண்டும். இயேசு சபைத் துறவிகள் நடத்தும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கடனை அடைப்பதற்காக, அத்துறவிகள் 1838இல் தங்கள் உடைமையாக வைத்திருந்த 272 அடிமை மனிதர்களை லூசியானாவுக்கு விற்றார்கள். 1972இலும், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தலைநகரத்தின் நடுவே அது ஏறக்குறைய முழுமையான வெள்ளையர் வளாகமாகவே இருந்தது. முந்தைய பருவத்தில் அதன் அணி 3 ஆட்டங்களில் வென்று 23இல் தோற்றிருந்தது.

மூன்றாவது பருவமான 1975இல் அணி தொடர்ந்து சில ஆட்டங்களில் தோற்றது. அப்போது ஒரு நாள் அரங்கினுள் ஒரு பதாகை தொங்கியது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் தாம்சனைக் குறிப்பிட்டு, அவர் வெளியேற வேண்டும் என்றது அது. அதே பருவத்தின் இறுதியில் அணி, 1943க்குப் பிறகு முதன்முறையாக, என்.சி.ஏ.ஏ. வாகையர் போட்டிக்குத் தகுதி பெற்றது.

1982இல் பேட்ரிக் யூயிங் என்ற முதலாண்டு மாணவரை மையமாகக் கொண்டு அணி இறுதியாட்டம் வரை சென்றது. அரையிறுதிக் கட்டத்தை எட்டிய முதல் கறுப்பினப் பயிற்சியாளர் என்ற பெருமையைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியே தமக்கு எரிச்சலூட்டுகிறது என்றார் தாம்சன். தமக்கு முன் அந்த ஆற்றல் யாருக்கும் இருந்ததில்லை என்பது போன்ற பொருளை அது தருகிறது, உண்மையில் பலருக்கு வாய்ப்பே மறுக்கப்பட்டது என்பது அவர் விளக்கம். 'முதல்' என்ற சொல்லை நாம் கொண்டாடும் ஒவ்வொரு முறையும் இந்த மறுமொழியை நினைவில் கொள்வது நல்லது.

அந்த இறுதியாட்டத்தில் வட கரோலினாவிடம் 62–63 என்ற கணக்கில் தோல்வி. கடைசி நொடிகளில் பிரெட் பிரவுன் பந்தைத் தவறுதலாக எதிரணி வீரரின் கையிலேயே கொடுத்துவிட்டார். தாம்சன் அவரை அணைத்துக்கொண்ட காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1984இல் ஹூஸ்டனை 84–75 என வென்று பட்டம் பெற்றார்கள். மறு ஆண்டு வில்லனோவாவிடம் இரண்டு புள்ளிகளில் இழந்தார்கள்.

வெற்றியோடு பழிச்சொல்லும் வளர்ந்தது. பயிற்சியைப் பூட்டிய அரங்கில் நடத்தியதும், மாணவர்களை நிருபர்களிடமிருந்து விலக்கி வைத்ததும் குற்றமாகப் பேசப்பட்டன. முழுவதும் கறுப்பின இளைஞர்களைக் கொண்ட அந்த அணியை முரடர் கூட்டமாக ஏடுகள் சித்திரித்தன. அதே அணியில், நான்கு ஆண்டுகளும் அவரிடம் நிலைத்திருந்த மாணவர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் பட்டம் பெற்றார்கள். மேரி ஃபென்லன் என்ற முன்னாள் கன்னியாஸ்திரீயைக் கல்விப் பொறுப்பாளராக நியமித்து, ஆட்டத்தின்போது அணியின் இருக்கையிலேயே அவரை அமரவைத்தார் தாம்சன். தம் அலுவலகத்தில் காற்றிறங்கிய பந்து ஒன்றை வைத்திருந்தார். இந்தக் காற்று போனபின் உன்னிடம் என்ன இருக்கும் என்று மாணவர்களைக் கேட்பதற்காக. நகரின் பெரும் போதைப்பொருள் வணிகர் ரேஃபுல் எட்மண்ட் தம் மாணவர்களோடு பழகுவதை அறிந்ததும், அவரைத் தம் அலுவலகத்துக்கே வரவழைத்து விலகி நிற்கும்படி சொன்னார்.

இனி அந்த விதிக்கு வருவோம். என்.சி.ஏ.ஏ. 1983இல் இயற்றி 1986இல் நடைமுறைப்படுத்திய 48ஆம் தீர்மானம், முதலாண்டு மாணவர் ஆடுவதற்கு இரண்டு நிபந்தனைகளை வைத்தது. பள்ளியின் 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரி ஒன்று. எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1600க்கு 700 மதிப்பெண் (அல்லது ஏ.சி.டி. தேர்வில் 15) மற்றொன்று. ஒன்றை மட்டும் நிறைவேற்றியவர் முதலாண்டில் ஆட முடியாது, ஆனால் உதவித்தொகையோடு படிக்கலாம். 1989 சனவரியில் நிறைவேறிய 42ஆம் தீர்மானம் அந்த உதவித்தொகையையும் பறித்தது. இதனால் பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின மாணவர்கள். ஆட்டத்திலிருந்து ஓராண்டு விலக்குவது வேறு, வகுப்பறையிலிருந்தே விலக்குவது வேறு. தாம்சன் பிடித்துக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான்.

1989 சனவரி 14. மேரிலாந்தின் லேண்டோவர் அரங்கில் பாஸ்டன் கல்லூரியுடனான ஆட்டம் தொடங்கும் தறுவாயில், தோளில் வழக்கமாகக் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டு அவர் வெளியேறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை. ஊதியமும் புகழும் பெற்ற ஒருவர் தம் பணியிடத்திலேயே செய்த ஒத்துழையாமை அது. நாடு முழுவதும் அந்த விதி விவாதத்துக்கு வந்தது. சங்கம் அதை மறுபரிசீலனைக்கு எடுத்தது. 1990இல் திருத்தம் வந்தது: பகுதித் தகுதி பெற்றோருக்கு விளையாட்டு உதவித்தொகை இல்லை, வறுமையின் அடிப்படையிலான பல்கலைக்கழக உதவி உண்டு. முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன்.

தேர்வு மதிப்பெண் என்ற வரம்பு நீங்கவில்லை. 16ஆம் தீர்மானமாக அது மேலும் கடுமையானது. பிலடெல்பியாவின் கறுப்பின மாணவர்கள் தொடுத்த 'குரேட்டன் எதிர் என்.சி.ஏ.ஏ.' வழக்கில், 1999 மார்ச்சில், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. பாகுபடுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்படாவிட்டாலும், விளைவில் ஓர் இனத்தை விகிதத்துக்கு மீறி விலக்குகிற, போதிய நியாயம் காட்டப்படாத விதி குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ் நிற்காது என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு திசம்பரில் மூன்றாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. விதி நியாயமானது என்று அது சொல்லவில்லை. அரசு நிதியைப் பெறுவது கல்லூரிகள், சங்கம் அல்ல. ஆகவே சங்கத்தை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்றது. விதி செய்பவர் ஒருவர், நிதி பெறுபவர் வேறொருவர் என்ற இந்தப் பிளவுக்குள் மாணவர்களின் உரிமை விழுந்து மறைந்தது. சட்ட மாணவர்கள் இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

தாம்சன் சேர்த்துக்கொண்ட மற்றொரு மாணவரின் கதையும் சட்டத்தோடு பிணைந்தது. 1993இல் வர்ஜீனியாவில் பந்துருட்டு விளையாட்டரங்கு ஒன்றில் நடந்த இனக் கைகலப்பில் 17 வயது ஆலன் ஐவர்சன் தண்டிக்கப்பட்டார். 'கும்பலாகச் சேர்ந்து ஊறுவிளைவித்தல்' என்ற அந்தக் குற்றப்பிரிவு, கறுப்பினத்தவரைக் கும்பல் கொலைகளிலிருந்து காப்பதற்காகப் பிறந்த சட்டத்திலிருந்து வந்தது. நான்கு மாதச் சிறைக்குப் பின் ஆளுநர் டக்ளஸ் வைல்டர் அவரை விடுவித்தார். தாய் நேரில் வந்து கேட்டுக்கொண்டதால் தாம்சன் அவருக்கு இடம் கொடுத்தார். போதிய சான்று இல்லை என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அந்நேரம் ஐவர்சன் ஜார்ஜ்டவுன் மாணவராக ஓராண்டை முடித்திருந்தார்.

குறைகளும் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் வழிநடத்திய அமெரிக்க அணி அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்திடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. 1991 முதல் நைக்கி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார். கல்லூரி விளையாட்டில் பெருநிறுவனப் பணம் புகுந்ததை ஆராய்வோர் அதைத் தவிர்க்க முடியாது.

1999 சனவரியில் பதவி விலகினார். அதே ஆண்டு கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அவருக்குப்பின் நோலன் ரிச்சர்ட்சன் (1994), டபி ஸ்மித் (1998), கெவின் ஆலி (2014) ஆகிய கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதே பட்டத்தை வென்றுள்ளனர். தாம்சன் 2020 ஆகஸ்டு 30 அன்று மறைந்தார். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை விளையாட்டுத் தகுதிக்கான நிபந்தனையிலிருந்து என்.சி.ஏ.ஏ. நிலையாக நீக்கியது 2023 சனவரியில். அந்த வெளிநடப்பு நிகழ்ந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.