கொங்கில் சுருங்கிய குடும்பம்

மக்கள்பெருக்கமே ஏழை நாடுகளின் தீராத இடர் என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்த இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, கொங்கு வட்டாரத்தில் உடுமலைப்பேட்டையை உள்ளடக்கிய பழைய கோயம்புத்தூர் மாவட்டம், பிறப்பு வீதம் முந்திக் குறைந்த இந்தியப் பகுதிகளுள் ஒன்றாகிவிட்டது. இதே மாவட்டம்தான் 1876–78 பஞ்சத்தில் பெருமளவு ஆட்களை இழந்து, 1881 கணக்கெடுப்பில் 1871ஐவிடக் குறைந்த மக்கள்தொகையைக் காட்டியது. அடுத்து வந்த கொள்ளைநோயின் எச்சமாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது.

சாவு குறைந்தபின் பிறப்பும் குறைவது உலகெங்கும் நிகழ்ந்ததுதான். கொங்கில் அது விரைந்து நிகழ்ந்ததே ஆராயத்தக்கது. நடுவணரசு 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்குமுன்பே, 1930களில், ஈரோட்டுப் பெரியார் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலின் வழியே, உணவுப் பற்றாக்குறையைவிடப் பெண்ணின் உரிமையை முன்னிறுத்திக் கருத்தடையை வலியுறுத்தினார். எனினும் பிரசாரத்துக்கும் அரசுக்கும் மட்டுமே பெருமையைக் கொடுப்பது பிழையாகும். மானாவாரிக் காட்டைக் கிணற்றுப் பாசனத் தோட்டமாக்கிய பண்ணையமும், அமராவதி, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டங்களின் நீரும், பஞ்சாலைக் கூலியும் வருவாயை உயர்த்தியபோது, பிள்ளைகள் பலராயின் பூமி துண்டாகும், ஒருவராயின் படிக்கவைக்கலாம் என்ற கணக்கு வீடுதோறும் போடப்பட்டது. அக்கணக்கில் ஆண்பிள்ளை விருப்பமும் ஒளிந்திருந்ததால், பெண்குழந்தைகள் குறைந்து, மணப்பெண் தேடிப் பாலக்காட்டுப் பக்கம் செல்லும் குடும்பங்கள் பின்னாளில் உருவாயின. சிறு குடும்பத்தின் புகழைப் பேசுவோர் இதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள விகிதம், ஒரு தலைமுறை தன்னளவிலேயே மறுதலைமுறையை விட்டுச்செல்வதற்கு ஏறத்தாழ 2.1 இருக்கவேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இது தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. தென்கொரியாவில் 2023இல் 0.72 வரை இறங்கிவிட்ட நிலையில், தமிழ்நாட்டின் அளவு விபரீதமன்று. ஆயினும் உள்ளூர் இளைஞர் மில் வேலையை விட்டு விலகிய இடத்தைப் பீகார் தொழிலாளர் நிரப்புவதற்குத் தமிழ்நாடு, பீகார் எண்களின் இடைவெளியும் ஒரு காரணமாகும்.

இவ்விடைவெளி அரசியலையும் தொடுகிறது. மக்கள்தொகை ஒப்பீட்டில் பின்தங்கியதால் 1967இல் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் மேலும் இழக்கக்கூடாது என்று, 1976இன் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களின் இடப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது.