தைராய்டும் துத்தநாகமும்

தைராய்டு ஹார்மோனான தைராக்சினின் மூலக்கூற்றில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. துத்தநாக அணு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் மூளையிலும், அது உருவாகும் கழுத்துச் சுரப்பியிலும், கடைசியில் அது போய்ச் சேரும் செல்களிலும் இந்த உலோகத்துக்கு வேலை இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடலில் மொத்தமே 2 முதல் 3 கிராம் துத்தநாகம்தான். அதில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருப்பதால், ரத்தப் பரிசோதனை காட்டும் அளவை வைத்து உடலின் இருப்பைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

இந்தியாவில் தைராய்டைப் பற்றிப் பேசினால் கொல்கத்தாவைத் தவிர்க்க முடியாது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,300-க்கும் மேற்பட்ட வயது வந்தோரைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், தைராய்டு சுரப்புக் குறைவு மொத்தத்தில் 10.95 சதவீதம் பேரிடம் இருந்தது. கொல்கத்தாவில் மட்டும் 21.67 சதவீதம், எட்டு நகரங்களில் இதுவே அதிகம். அந்நகரின் டாக்குரியாவிலும், அங்குள்ள ஏரிக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை விழுங்குபவர் இல்லாத தெரு அரிது என்று இந்தக் கணக்கை வைத்தே சொல்லலாம். ஆய்வு பார்த்தது தைராய்டு ஹார்மோன்களையும் எதிர்ப்புரதத்தையும்தான். ஆகவே இந்தப் பெரிய எண்ணைத் துத்தநாகக் குறையின் கணக்கில் எழுதுவது தவறு. ஐந்தில் ஒருவருக்கு மேல் எதிர்ப்புரதம் தென்பட்டதால், உடலின் தற்காப்பு தன் சுரப்பியையே தாக்கும் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

துத்தநாகத்தின் பங்கு தெளிவாகத் தெரியும் இடம் ஹார்மோனின் ஏற்பி. சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது டி4, அதாவது தைராக்சின். திசுக்களில் ஓர் அயோடின் அணு கழன்ற பிறகே அது வீரியமுள்ள டி3 ஆகிறது. டி3 செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பியோ டி.என்.ஏ.வைப் பற்றி நிற்கிறது. பற்றும் பகுதியில் புரதம் இரண்டு மடிப்புகளாக நிற்கிறது. ஒவ்வொரு மடிப்பையும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்குக்கு நடுவே அமர்ந்த ஒரு துத்தநாக அயனி கட்டிவைக்கிறது. இத்தகைய மடிப்புகளுக்குத் துத்தநாக விரல்கள் என்று பெயர். அயனி விலகினால் மடிப்பு குலையும். ரத்தத்தில் டி3 போதுமான அளவு இருந்தாலும் மரபணுவுக்குக் கட்டளை போய்ச் சேராது.

சுரப்பியின் செல்லுக்குள் கிளிஸ் 3 என்ற புரதமும் துத்தநாக விரல் கொண்டதே. அயோடைடை உள்ளே இழுக்கும் கடத்தியின் மரபணு இயங்க அது வேண்டும். அதில் பிறவிப் பிழை உள்ள குழந்தைகளுக்குத் தைராய்டு குறைவும் நீரிழிவும் சேர்ந்தே வருவது 2006-இல் தெரியவந்தது. ஹார்மோன் தயாரிப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு தேவைப்படுவதால் சுரப்பி எப்போதும் ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் இருக்கிறது. அதைத் தணிக்கும் நொதிகளில் ஒன்று செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. மூளையில், தைராக்சினைச் சுரக்கச் சொல்லும் கட்டளையைத் தொடங்கும் டி.ஆர்.எச். ஹார்மோனைச் செதுக்கும் நொதிகளிலும் துத்தநாகம் உண்டு. டி4-இலிருந்து அயோடினைக் கழற்றும் நொதி மட்டும் செலினியத்தைச் சார்ந்தது. சத்து மாத்திரை விளம்பரங்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

உறவு ஒருவழிப் பாதை அன்று. தைராய்டு குறைந்தால் குடல் துத்தநாகத்தை உறிஞ்சுவதும் குறைகிறது. மிகைச் சுரப்பில் சிறுநீரில் அது அதிகம் வெளியேறுகிறது. கேரளத் தோல் மருத்துவர்கள் 2013-இல் பதிவுசெய்த ஒரு பெண்ணுக்குத் தைராக்சின் கொடுத்தும் நிற்காத கடும் முடி உதிர்வு, துத்தநாகம் சேர்த்த பிறகே சரியானது. ஒருவரின் கதை எல்லோருக்கும் மருந்துச் சீட்டு ஆகாது என்றாலும், மருத்துவர்கள் நினைவில் வைக்கவேண்டிய கதை அது.

துத்தநாகக் குறை மனிதருக்கு வரும் என்று உலகுக்குக் காட்டியவர் பீகாரின் பக்ஸரில் பிறந்து பாட்னாவில் மருத்துவம் படித்த ஆனந்த பிரசாத். 1958-இல் ஈரானின் ஷிராஸில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்தபோது அவரது தேடல் தொடங்கியது. அவர்களின் முதன்மை உணவு ரொட்டி. தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டிருந்தது. சோறும் பருப்பும் பிரதானமான நம் தட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஊறவைத்தலும் இட்லி மாவைப் புளிக்கவைத்தலும் பைட்டேட்டைக் குறைக்கும். நண்டு, ஆட்டிறைச்சி, எள், பூசணி விதை, கொண்டைக்கடலை நல்ல மூலங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராமும் பெண்ணுக்கு 13.2 மில்லிகிராமும் பரிந்துரைத்தது. 2016-18 தேசிய ஆய்வில் வளரிளம் பருவத்தினர் நூற்றுக்கு 32 பேரிடம் குறை இருந்தது.

மாத்திரையாகக் கொடுத்தால் தைராய்டு தேறுமா? ஈரானில் 68 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், 12 வாரம் துத்தநாகம் எடுத்தவர்களுக்குக் கட்டற்ற டி3 சற்று உயர்ந்தது. அவ்வளவு சிறிய சோதனையை நம்பிச் சிகிச்சையை மாற்ற முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகம் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2004-இல் பரிந்துரைத்ததற்குப் பின்னால் பெரும் சோதனைகள் இருந்தன. தைராய்டு விஷயத்தில் அத்தகைய வலுவான சான்று இதுவரை வரவில்லை. உணவில் குறை இருப்பவருக்கு அதை நிரப்புவது நியாயம். போதுமான அளவு உள்ளவருக்குக் கூடுதல் மாத்திரையால் பயன் இல்லை.

நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுங்காலம் எடுத்தால் செம்பு குறைந்து ரத்தசோகை வரலாம். இரும்பு, கால்சியம் கலந்த சத்து மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடிக்காக விற்கும் மாத்திரைகளில் துத்தநாகத்தோடு பயோட்டினும் இருப்பதுண்டு, அது தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை முடிவையே பொய்யாக்கக்கூடும் என்பதால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். துத்தநாகம் எடுக்கிறோம் என்ற தெம்பில் தைராக்சின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள்.